மது வாங்கற வயசு கோபாலபுரத்துக்கு மேற்கே 23, கிழக்கே 21. அமெரிக்காவுல மட்டும் ஐம்பது மாநிலத்துக்கும் ஒரே வயசு எப்படி?

மூலத்தறை வாசகசாலை

வணக்கமுங்க. வாசகசாலையில ஞாயித்துக்கிழமை நடக்கற போட்டித் தேர்வு வகுப்புல இப்போ கூட்டாட்சிப் பாடம். எல்லாக் கையேட்டுலயும் ஒரே வரிதான்: இந்தியாவுல மத்திக்குப் பலம் அதிகம், அமெரிக்காவுல மாநிலத்துக்குப் பலம் அதிகம். அதைப் படிச்சுட்டு ஒரு புள்ள கேட்ட கேள்வியை அப்படியே கீழே வெக்கறேன்.

சாராயம், மது எல்லாம் நமக்கு மாநிலப் பட்டியல். கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு மேற்கே கேரளாவோட கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மது வாங்க 23 வயசு ஆகணும். கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் 21 போதும். நடுவுல இருக்கறது ஒரு தடுப்புக் கம்பி. டெல்லி இதுல கையே வெக்கறதில்லை. அமெரிக்காவுல மதுவை மாநிலத்துக்கு விட்டு அரசமைப்புலயே எழுதியிருக்கு, 1933ல வந்த 21வது திருத்தம். அப்படி இருந்தும் ஐம்பது மாநிலத்துலயும் 21 தான். மாநிலத்துக்குத்தான் பலம்னா இது எப்படி நடந்துது? வாஷிங்டன் உத்தரவு போட்டுதா? போட முடியும்னா கஞ்சா விஷயத்துல மட்டும் ஒரு மாநிலத்துல கடையும் பக்கத்து மாநிலத்துல ஜெயிலுமா இருக்கறது ஏன்?

வருஷம், தொகையோட சொன்னீங்கன்னா பலகையில எழுதிப் போட்டுருவேன்.


வேலந்தாவளம் வக்கீல்

உத்தரவு போடலைங்க. போடவும் முடியாது. பணத்தைக் காட்டி வாங்கினாங்க.

1971ல ஓட்டு வயசு 18 ஆச்சு. அதைப் பார்த்து நிறைய மாநிலங்கள் மது வயசையும் 18, 19னு இறக்கிட்டாங்க. பக்கத்து மாநிலத்துல 21. கோபாலபுரம் மாதிரி எல்லைதான். ஆனா அங்க பசங்க கார் எடுத்துட்டு எல்லை தாண்டிக் குடிச்சுட்டு ராத்திரி திரும்ப ஓட்டிட்டு வருவாங்க. சாவு எல்லைச் சாலையில குவிஞ்சுது. ஒரு மாநிலம் தனியா வயசை ஏத்தினா சாவு நிக்காது, எல்லைக்கு இடம் மாறும். அதனாலதான் இது வாஷிங்டன் வரைக்கும் போச்சு.

1984ல காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு சட்டம் போட்டுது. "21க்குக் கீழே விக்காதே"ன்னு அதுல ஒரு வரியும் இல்லை. 21க்குக் கீழே விக்க விடற மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்துல ஒரு பங்கு நிறுத்தப்படும், அவ்வளவுதான். முதல் வருஷம் 5 சதவீதம், அடுத்த வருஷத்துல இருந்து 10. 2012க்கு அப்புறம் 8. தெற்கு டகோட்டா கோர்ட்டுக்குப் போச்சு. அங்க 19 வயசுக்காரங்க 3.2 சதவீத பீர் வாங்கலாம்னு சட்டம். 1987ல உச்ச நீதிமன்றம் 7க்கு 2னு காங்கிரஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு.

அந்தத் தீர்ப்புல இருக்கற சோதனையைப் பசங்களுக்குக் கட்டாயம் சொல்லுங்க. பணத்தோட நிபந்தனை வெக்கலாம், ஆனா அது பொது நன்மைக்கா இருக்கணும். என்ன நிபந்தனைன்னு மாநிலத்துக்கு முன்கூட்டியே தெளிவாத் தெரியணும். பணம் எதுக்கோ அதோட நிபந்தனைக்குச் சம்பந்தம் இருக்கணும். அரசமைப்பு தடுத்த வேற எதையும் செய்யச் சொல்லக் கூடாது. கடைசியா, அது ஆசை காட்டறதா இருக்கணும், கழுத்தைப் பிடிக்கறதா இருக்கக் கூடாது. ரோட்டுப் பணத்துக்கும் மது வயசுக்கும் என்ன சம்பந்தம்னு நீதிபதி ஓ'கானர் எதிர்த் தீர்ப்பு எழுதினாங்க. பாதுகாப்பா வண்டி ஓட்டறதுதான் சம்பந்தம்னு பெரும்பான்மை சொல்லிச்சு.

1988க்குள்ள கடைசி மாநிலமான வயோமிங்கும் ஏத்திருச்சு. ஆனா இது கட்டாயம் இல்லைங்கறதுக்குச் சாட்சி இப்பவும் இருக்கு. புவேர்ட்டோ ரிக்கோ (மாநிலம் இல்லை, ஆட்சிப்பகுதி) வயசை 18லயே வெச்சிருக்கு, பணம் போனாப் போகட்டும்னு.

இந்தியாவோட வித்தியாசம் இங்கதான். நம்ம அரசமைப்புல 256, 257ம் பிரிவுப்படி மத்திய அரசு மாநிலத்துக்குக் கட்டளையே அனுப்பலாம். மாநிலம் கேக்கலைன்னா 365ம் பிரிவு இருக்கு, அது 356ம் பிரிவுக்கு வழி விடுது, ஆட்சியே போகும். அமெரிக்காவுல இதுக்கெல்லாம் இணையான ஒண்ணு கிடையாது. ஆளுநரை மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, ஜனாதிபதியால அவரை நீக்க முடியாது. கட்டளை இல்லாத இடத்துல பணம்தான் கட்டளை வேலையைப் பார்க்குது. அங்க நடக்கற முக்கால்வாசிச் சண்டை, எந்த இடத்துல பணம் கட்டளையா மாறுதுங்கறதுதான்.


மீனாட்சிபுரம் செல்வி

வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிட்டார். நான் பணம் எப்படி நகருதுன்னு சொல்றேன். அது புரியலைன்னா மாநிலங்கள் ஏன் பணியுதுன்னு புரியாது.

ஃபெடரல், அதாவது மத்திய அரசோட, பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4. 1993ல இருந்து ஏத்தவே இல்லை. அது 1956ல தொடங்கின நெடுஞ்சாலை நிதிக்குப் போகுது. மாநிலம் முதல்ல தன் கையில இருந்து ரோடு போடணும், பில் அனுப்பணும், அப்புறம்தான் திரும்ப வரும்: பெரிய இன்டர்ஸ்டேட் சாலைக்குச் செலவுல 90 சதவீதம், மத்ததுக்குப் பொதுவா 80. டெண்டர் விட்டு வேலை பாதியில நிக்கும்போது வர வேண்டியதுல 10 சதவீதம் வராதுன்னா மாநில நிதித்துறைக்கு மூச்சு முட்டிரும்.

இதே கயிறை 1974லயும் வீசினாங்க. எண்ணெய்த் தட்டுப்பாட்டுல மணிக்கு 55 மைல் வேகம்னு வரம்பு. மொன்டானா சட்டத்தைப் போட்டு பணத்தை வாங்கிக்கிட்டு, மீறினா அபராதம் அஞ்சே டாலர்னு வெச்சுது. குற்றத்தோட பேர் "எரிபொருளை வீணாக்கினது". சட்டத்தை வாங்கிரலாம், மனசை வாங்க முடியாதுங்கறது அங்கயே தெரிஞ்சுது. 1995ல அந்த வரம்பையே எடுத்துட்டாங்க.

பெரிய பணம் ரோட்டுல இல்லைங்க, மெடிக்கெய்டுல இருக்கு. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, 1965ல வந்தது. ஃபெடரல் பங்கு எவ்வளவுன்னு ஒரு சூத்திரம் இருக்கு, பலகையில போடற மாதிரியே இருக்கும். மாநிலத்தோட தனிநபர் வருமானத்தை நாட்டு சராசரியால வகுங்க. வந்ததை அதாலேயே பெருக்குங்க. அதை 0.45ஆல பெருக்கி 1ல இருந்து கழிங்க. சராசரி மாநிலம்னா 1 கழித்தல் 0.45, அதாவது 55 சதவீதம் வாஷிங்டன் தரும். வருமானம் சராசரியில 80 சதவீதம்னா 0.64ஐ 0.45ஆல பெருக்கினா 0.288, பங்கு 71.2. பணக்கார மாநிலம் 120 சதவீதம்னா கணக்கு 35.2க்கு இறங்கும், ஆனா 50க்குக் கீழே தரக் கூடாதுன்னு சட்டம். மேல 83 வரம்பு.

நம்ம 15வது நிதிக்குழுவும் வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை வெச்சுதுல்ல, அதே 45ன்னு பசங்க குழப்பிக்க வேண்டாம். அது வேற கணக்கு. அங்க நிதிக்குழுவே கிடையாது. 2021-26ல பகிர்வு வரியில கேரளாவுக்கு 1.925 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம்னு பங்கு வந்துது. அந்தப் பணத்துக்கு "இதுக்குத்தான் செலவு பண்ணு"ன்னு நிபந்தனை இல்லை. அமெரிக்காவுல அந்த மாதிரி பொதுப் பகிர்வு 1972ல நிக்சன் காலத்துல தொடங்கி 1986ல முடிஞ்சே போச்சு. இப்போ ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூத்திரம், தனி நிபந்தனை.

இப்போ 2012. ஒபாமா காலச் சட்டம், வறுமைக்கோட்டுல 138 சதவீதம் வரைக்கும் வருமானம் உள்ள எல்லாரையும் மெடிக்கெய்டுல சேர்க்கணும்னு சொல்லிச்சு. புதுசா சேர்றவங்களுக்கு முதல் மூணு வருஷம் முழுச் செலவும் வாஷிங்டன், 2020ல இருந்து 90 சதவீதம். சேர்க்கலைன்னா பழைய மெடிக்கெய்டுப் பணமும் போகும். இங்கதான் உச்ச நீதிமன்றம் நிறுத்திச்சு, 7க்கு 2. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ரெண்டு எண்ணைப் பக்கத்துல பக்கத்துல வெச்சார்: தெற்கு டகோட்டா இழக்க இருந்த ரோட்டுப் பணம் அதோட பட்ஜெட்டுல அரை சதவீதத்துக்கும் குறைவு; மெடிக்கெய்டுல மாநிலங்கள் இழக்க இருந்தது பட்ஜெட்டுல 10 சதவீதத்துக்கும் மேல. முன்னது தூண்டுதல், பின்னது தலையில துப்பாக்கின்னு தீர்ப்பு. நடுவுல கோடு எங்கேன்னு கோர்ட் சொல்லவே இல்லை. அரை சதவீதம் சரி, பத்து சதவீதம் தப்பு; மூணு சதவீதம்னா என்னன்னு இன்னைக்கும் வக்கீல்கள் வாதாடிட்டிருக்காங்க.

இதுல மனுஷங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம விடக் கூடாது. விரிவாக்கம் மாநிலத்தோட இஷ்டம்னு ஆன பிறகு 40 மாநிலங்கள் சேர்ந்தாச்சு. கடைசியா வட கரோலினா, 2023 டிசம்பர்ல. டெக்சாஸ், ஃபுளோரிடா உட்பட 10 மாநிலங்கள் சேரலை. சட்டம் எழுதினவங்க ஏழைகள் எல்லாரும் மெடிக்கெய்டுல வந்துருவாங்கன்னு நம்பி, தனியார் காப்பீட்டுக்கான மானியத்தை வறுமைக்கோட்டுக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும் வெச்சாங்க. அதனால டெக்சாஸ்ல பிள்ளை குட்டி இல்லாத ஒருத்தர், மாற்றுத்திறனாளியும் இல்லை, வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே. அவருக்கு மெடிக்கெய்டும் கிடையாது, மானியமும் கிடையாது. அவரைவிடக் கொஞ்சம் அதிகமா சம்பாதிக்கறவருக்கு மானியம் உண்டு. கூட்டாட்சி வாதத்துல மாநிலம் ஜெயிச்ச இடம் அது, ஏழை தோத்த இடமும் அதுதான்.

2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டம் இப்போ கயிறை வேற பக்கம் இழுக்குது. உணவு உதவித் திட்டம் (ஸ்னாப்) நம்ம ரேஷனுக்குச் சமம்னு வெச்சுக்கோங்க. இதுவரைக்கும் உணவுக்கான தொகை முழுசும் வாஷிங்டன், அலுவலகச் செலவு பாதிக்குப் பாதி. 2027 நிதியாண்டுல இருந்து அலுவலகச் செலவுல 75 சதவீதம் மாநிலம் தரணும். 2028ல இருந்து உணவுத் தொகையிலயே ஒரு பங்கு, அதுவும் மாநிலத்தோட பிழை விகிதத்தைப் பொறுத்து: 6 சதவீதத்துக்குக் கீழே பிழைன்னா ஒண்ணும் இல்லை, 6ல இருந்து 8க்குள்ள 5 சதவீதம், 8ல இருந்து 10க்குள்ள 10, அதுக்கு மேல 15. பிழை ரொம்ப அதிகமா இருக்கற சில மாநிலங்களுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் உண்டு. பிழைன்னா திருட்டு இல்லைங்க. வாடகை ரசீது பழசு, சம்பளம் மாறினதைப் பதியலை, கூடுதலாவோ குறைவாவோ கொடுத்துட்டாங்க, எல்லாம் பிழைதான். 2024 நிதியாண்டுல நாட்டு சராசரி 10.93. இந்தப் பிழையைக் குறைக்கணும்னா ஆள் வேணும், கம்ப்யூட்டர் வேணும். ஆளுக்கான செலவுல வாஷிங்டன் பங்கைக் குறைச்சுட்டு, பிழைக்கு அபராதம் போடறாங்க. எனக்கு இது நியாயமாவே படலை.


மூலத்தறை வாசகசாலை

செல்வி டீச்சர், அந்தச் சூத்திரம் நேரா பலகைக்குப் போகுது. ரொம்ப நன்றிங்க. கஞ்சாக் கேள்வி பாக்கி இருக்கு. வாளையார்ல பிடிச்சா கேரளா எக்சைஸ் கேஸ் போடுது, சட்டம் மத்தியச் சட்டம். அங்க மட்டும் ஏன் அப்படி நடக்கறதில்லை?


நல்லேப்பிள்ளி எக்சைஸ்

கேள்வியிலேயே பாதி பதில் இருக்குங்க. போதைப் பொருள் சட்டம் 1985, நாடாளுமன்றம் போட்டது. ஆனா வாளையார்ல பஸ்ஸுக்குள்ள ஏறி மேல் தட்டுல இருக்கற பையை இறக்கறது மாநில எக்சைஸ்காரர். எடை போடறதும், சீல் வெக்கறதும், 20 கிலோவுக்கு மேலன்னா வணிக அளவுன்னு எழுதறதும் அவர்தான். நம்ம அமைப்புல சட்டம் டெல்லியோடது, கை மாநிலத்தோடது.

அமெரிக்காவுல சட்டம் யாரோடதோ கையும் அவங்களோடது. 1993ல துப்பாக்கி வாங்கறவங்களோட பின்னணியை உள்ளூர் ஷெரிஃப் (காவல் தலைவர்) சோதிக்கணும்னு காங்கிரஸ் சட்டம் போட்டுது. மொன்டானாவுல பிரின்ட்ஸ்னு ஒரு ஷெரிஃப், "நான் மாநில ஊழியன், எனக்கு வேலை சொல்ல நீங்க யார்"னு வழக்குப் போட்டார். 1997ல 5க்கு 4னு ஜெயிச்சார். காங்கிரஸ் மாநில அதிகாரியை வேலைக்காரனா எடுத்துக்க முடியாதுன்னு விதி நின்னுது. இது ஒரு கட்சிக்கு மட்டும் பயன்பட்ட விதி இல்லை. அன்னைக்குத் துப்பாக்கிக்காரங்களுக்கு உதவின அதே விதியைத்தான் இப்போ குடியேறிகளைப் பிடிச்சுத் தர மாட்டோம்னு சொல்ற நகரங்கள் கையில எடுக்குது.

கஞ்சாவும் இப்படித்தான். 1970 சட்டப்படி ஃபெடரல் குற்றம். 1996ல கலிஃபோர்னியா மருந்துக்கு அனுமதிச்சுது, 2012ல கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கடையே திறக்க அனுமதிச்சுது. மாநிலம் தன் சட்டத்துல இருந்த குற்றத்தைத்தான் எடுத்துச்சு. ஃபெடரல் குற்றம் அப்படியே இருக்கு. 2005ல வீட்டுல மருந்துக்கு வளர்த்த செடியைக்கூட ஃபெடரல் அதிகாரி பிடுங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 6க்கு 3னு சொல்லிருச்சு. அப்புறம் ஏன் பிடுங்கறதில்லை? ஆள் போதாது. நாட்டுல நடக்கற போதைக் கைதுல பெரும்பங்கு மாநில, உள்ளூர் போலீஸ் செய்யறது. அவங்க ஒதுங்கிட்டா ஃபெடரல் ஏஜென்ட் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போக முடியாது. அதுக்கு மேல 2014 டிசம்பர்ல இருந்து பட்ஜெட்டுல ஒரு வாக்கியம் சேர்க்கறாங்க: மாநில மருத்துவக் கஞ்சா சட்டத்தைத் தடுக்க ஃபெடரல் நீதித்துறை (கோர்ட் இல்லை, வழக்குப் போடற அரசுத் துறை) ஒரு டாலரும் செலவழிக்கக் கூடாது. அந்த வாக்கியம் மருந்துக்கு மட்டும்தான், கடைக்கு இல்லை. இதைப் பலரும் மாத்திச் சொல்றாங்க.

ஆனா கடைக்காரருக்கு வலி வேற இடத்துல. வருமானவரிச் சட்டம் 280ஈ பிரிவு, ஃபெடரல் போதைச் சட்டத்தோட முதல், ரெண்டாம் அட்டவணைப் பொருள் விக்கறவருக்குச் செலவுக் கழிவு கிடையாதுன்னு சொல்லுது. சரக்கு வாங்கின விலையை மட்டும் கழிக்கலாம். 100 டாலர் வியாபாரம், சரக்கு 60, வாடகையும் கூலியும் 30ன்னா கையில நிக்கறது 10. வரி போடறது 40 மேல. கம்பெனி வரி 21 சதவீதம்னா 8 டாலர் 40 சென்ட் போச்சு, மிச்சம் 1 டாலர் 60. இதே கடை செருப்பு வித்தா வரி 2 டாலர் 10 சென்ட். பேங்குகள் ஃபெடரல் சட்டத்துக்குப் பயந்து கணக்குத் தர யோசிக்கறதால பல கடையில வியாபாரம் ரொக்கத்துலதான். மாநிலம் கதவைத் திறந்தாலும் வாஷிங்டன் வாசப்படியை உயர்த்தி வெச்சிருக்கு.


எருத்தேம்பதி

இதுவரைக்கும் படிச்சா மாநிலம்னா நல்லது, மத்தின்னா அடக்குமுறைன்னு பசங்க எடுத்துக்குவாங்க. அமெரிக்காவுல "மாநில உரிமை"ங்கற சொல்லை நூறு வருஷத்துக்கு மேல பிடிச்சுத் தொங்கினது யார்னு சேர்த்துச் சொல்லுங்க. அடிமை முறையைக் காப்பாத்தினவங்க. அது போன பிறகு தனிப் பள்ளிக்கூடம், தனிக் குழாய், தனி பெஞ்சு வெச்சவங்க.

1957 செப்டம்பர், ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக். ஒன்பது கறுப்பினப் பிள்ளைங்க உயர்நிலைப் பள்ளிக்குள்ள போகாம இருக்க ஆளுநர் ஃபாபஸ் மாநிலக் காவற்படையை வாசல்ல நிறுத்தினார். ஐசனாவர் அதே படையை ஃபெடரல் கட்டளைக்குக் கீழே எடுத்து, ராணுவத்தோட 101வது வான்குடைப் பிரிவையும் அனுப்பினார். பிள்ளைங்க ராணுவக் காவல்ல படிக்கட்டு ஏறினாங்க. கட்டளையே கிடையாதுன்னு வக்கீல் சார் சொன்னதுல இந்த ஒரு விலக்கைச் சேர்த்துக்கணும்: கோர்ட் உத்தரவையும் அரசமைப்பையும் மாநிலம் மீறினா ஜனாதிபதி படையோட வரலாம்.

அடுத்தது 1964 குடிமை உரிமைச் சட்டம். ஹோட்டல்ல சாப்பாடு மறுக்கக் கூடாதுன்னு போட காங்கிரஸுக்கு எந்த அதிகாரம்? மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தற அதிகாரம். பர்மிங்ஹாம்ல ஆலீஸ் பார்பிக்யூன்னு ஒரு கடை. கறுப்பினத்தவருக்கு உள்ள உக்கார இடம் கிடையாது, பொட்டலம் மட்டும் தருவாங்க. "என் கடை உள்ளூர்க் கடை, எனக்கும் வெளிமாநில வணிகத்துக்கும் என்ன?"ன்னு கேட்டார் முதலாளி. கோர்ட் கணக்குப் பார்த்துது: வருஷம் 1,50,000 டாலருக்கு வாங்கற சாமான்ல 69,683 டாலர் இறைச்சி, 46 சதவீதம், வெளிமாநிலத்துல இருந்து வந்தது. ஒன்பது நீதிபதியும் ஒரே குரல்ல சட்டம் செல்லும்னாங்க.

டீக்கடையில தனி டம்ளர் வெச்ச ஊர்களைத் தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பொட்டலம் புரியும். உள்ளூர் பெரும்பான்மை கையிலயே எல்லா அதிகாரமும் இருந்தா, அந்த ஊர்ச் சிறுபான்மை யார்கிட்டப் போய் நிக்கும்?

இந்த வணிக அதிகாரம் எவ்வளவு நீளும்ங்கறது தனிச் சண்டை. ஒஹாயோ விவசாயி ஃபில்பர்னுக்கு 1941 பயிருக்கு 11.1 ஏக்கர் கோதுமை ஒதுக்கீடு. 23 ஏக்கர் விதைச்சார். கூடுதலா வந்த 239 புஷலுக்கு (தானிய அளவு), புஷலுக்கு 49 சென்ட்னு 117 டாலர் 11 சென்ட் அபராதம். தன் மாட்டுக்கும் வீட்டுக்கும்தான்னு சொன்னார். எல்லாரும் வீட்டுக்குன்னு விதைச்சா சந்தை விலை விழும்னு 1942ல கோர்ட் அபராதத்தை ஏத்துக்கிச்சு. அதுக்கப்புறம் 1995 வரைக்கும் காங்கிரஸ் "வணிகம்"னு சொன்னா கோர்ட் கிட்டத்தட்ட மறுத்ததே இல்லை. 1995ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல துப்பாக்கி வெச்சிருக்கறது வணிகம் இல்லைன்னு 5க்கு 4னு நிறுத்திச்சு.


வேலந்தாவளம் வக்கீல்

எருத்தேம்பதி சொன்ன விலக்கு சரி, நான் விட்டது தப்பு.

வகுப்புக்கு இன்னொண்ணு. பத்தாவது திருத்தத்தை (1791) எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க: ஒப்படைக்காத அதிகாரம் மாநிலத்துக்கோ மக்களுக்கோ. அதுக்கு முன்னாடி 1781ல இருந்த கூட்டமைப்புச் சாசனத்துல "வெளிப்படையாக ஒப்படைக்காத"ன்னு இருந்துது. பத்தாவது திருத்தத்துல "வெளிப்படையாக"ங்கற சொல் இல்லை. 1819ல தலைமை நீதிபதி மார்ஷல் அந்த விடுபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டித்தான், தேசிய வங்கி வெக்க காங்கிரஸுக்கு உள்ளடங்கின அதிகாரம் உண்டுன்னார். இருநூறு வருஷச் சண்டை ஒரு சொல் மேல நிக்குது.

இப்போதைய சண்டை கொஞ்சம் திசை மாறியிருக்கு. வாஷிங்டனுக்கும் மாநிலத்துக்கும் நடுவுல இருந்தது, வாஷிங்டனுக்குள்ளயே காங்கிரஸுக்கும் ஜனாதிபதிக்கும் நடுவுல வந்திருக்கு. காங்கிரஸ் ஒதுக்கின பணத்தை ஜனாதிபதி நிறுத்தி வெக்கலாமா? நிக்சன் நிறுத்தினதால 1974ல சட்டம் வந்துது: ரத்து பண்ணணும்னா காங்கிரஸுக்கு எழுதணும், 45 நாள் கூட்டத்தொடருக்குள்ள ஒப்புதல் வரலைன்னா பணத்தை விட்டாகணும். ஃபெடரல் கல்வித்துறையையும் இதோட வெச்சுப் பாருங்க. 1979ல காங்கிரஸ் சட்டம் போட்டு உண்டாக்கினது. மூடறதுக்கான வேலையைத் தொடங்கச் சொல்லி 2025 மார்ச் 20ல ஜனாதிபதி ஆணை வந்துது. ஆனா சட்டத்தால வந்ததைச் சட்டத்தாலதான் எடுக்க முடியும். பள்ளிச் செலவுல ஃபெடரல் பங்கு பத்துல ஒண்ணு அளவுதான், பாடத்திட்டம் மாநிலத்தோடது. ஒவ்வொரு மாற்றுத்திறன் குழந்தைக்கும், நாட்டுல ஒரு மாணவருக்கு ஆகற சராசரிச் செலவுல 40 சதவீதம் வரைக்கும் தருவோம்னு 1975 சட்டம் சொல்லிச்சு. ஒரு வருஷம்கூட அந்த அளவை எட்டலை. துறை இருக்கணுமா வேண்டாமான்னு கத்தறவங்க இந்த 40 பத்திப் பேசறதில்லைங்கறது எனக்கு வருத்தம்.


மூலத்தறை வாசகசாலை

கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க. இங்க உக்காந்து கூட்டாட்சின்னு பேசினா அது தண்ணியிலதான் வந்து முடியும். ரெண்டு மாநிலம் ஆத்துக்குச் சண்டை போட்டா அங்க ஃபெடரல் அரசு என்ன பண்ணும்?


ஆழியாத்துக் கடைமடை

நம்ம கணக்குல தொடங்கறேன். 1970ல எழுதின பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளாவோட சித்தூர்ப் புழைப் பாசனத்துக்கு வருஷம் 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி), மணக்கடவுல அளந்து விடணும். ரெண்டு மாநிலம் எழுதிக்கிட்ட தாள். தகராறு வந்தா 262ம் பிரிவும் 1956 சட்டமும் உச்ச நீதிமன்றத்தைத் தள்ளி வெச்சுட்டு நடுவர் மன்றத்துக்கு அனுப்புது.

அங்க நேர் எதிர். மாநிலத்துக்கு எதிரா மாநிலம்னா முதல் கோர்ட்டே உச்ச நீதிமன்றம்தான். அவங்க ஒரு சிறப்பு அதிகாரியை வெச்சு சாட்சி கேப்பாங்க, வருஷக்கணக்கா இழுக்கும். அரிசோனா 1952ல போட்ட வழக்குக்கு 1963லதான் தீர்ப்பு. ஒப்பந்தம் எழுதணும்னா காங்கிரஸ் ஒப்புதல் வேணும்.

கொலராடோ ஆத்துக்கு 1922ல ஏழு மாநிலம் ஒப்பந்தம் போட்டாங்க. மேல்பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம். ஏக்கர் அடிங்கறது 43,560 கன அடி. அப்போ ஒவ்வொரு பகுதிக்கும் 326.7 டிஎம்சி. நம்ம 7.25ஐ அது பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1944 ஒப்பந்தத்துல மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம் ஏக்கர் அடி. தப்பு எங்கன்னா, மழை நல்லாப் பேஞ்ச வருஷங்களோட கணக்கை வெச்சுப் பங்கு பிரிச்சாங்க. ஆத்துல அவ்வளவு தண்ணி வர்றதில்லை. சதவீதத்துல பிரிச்சிருந்தா பஞ்சத்தையும் பங்கு போட்டிருக்கலாம். அளவுல பிரிச்சதால குறையும்போது யார் முதல்ல விடறதுன்னு சண்டை. அணையில நீர்மட்டம் எத்தனை அடின்னு தினமும் பார்க்கறது நமக்குப் புதுசில்லை. அவங்களுக்கு அந்த எண் ஹூவர் அணையில கடல்மட்டத்துல இருந்து 1,075 அடி. அதுக்குக் கீழே போகும்னு கணக்கு வந்ததும் 2021 ஆகஸ்ட்ல முதல் தடவையா பற்றாக்குறை அறிவிச்சாங்க, 2022க்கு அரிசோனா வாய்க்கால்ல வெட்டு விழுந்துது.

அறிவிச்சது யார்? ஃபெடரல் உள்துறைச் செயலர் (நம்ம ஊர் போலீஸ் உள்துறை இல்லை, அங்க அது நிலம், நீர் வளத்தைப் பார்க்கற துறை). அணை ஃபெடரல் அரசோடது. 1963 தீர்ப்பு கீழ்ப்பகுதித் தண்ணிக்கு அவரையே நீராணிக்காரர் மாதிரி வெச்சிருச்சு: கலிஃபோர்னியா 44 லட்சம், அரிசோனா 28 லட்சம், நெவாடா 3 லட்சம் ஏக்கர் அடி. பற்றாக்குறைக்கான 2007 விதிகளோட காலம் 2026 கடைசி வரைக்கும்தான்.

ரியோ கிராண்டே ஆத்துல நடந்ததையும் சொல்லிடறேன். டெக்சாசும் நியூ மெக்சிகோவும் வருஷக்கணக்கா வழக்காடி, கடைசியில தங்களுக்குள்ள சமாதானம் பேசி முடிச்சாங்க. அந்த ஆத்துல இருக்கற அணையும் ஃபெடரல் அணை, மெக்சிகோவுக்குத் தண்ணி தர்ற பொறுப்பும் வாஷிங்டனோடது. ஃபெடரல் அரசு ஒத்துக்கலை. 2024 ஜூன்ல உச்ச நீதிமன்றம் 5க்கு 4னு அந்தச் சமாதானத்தை ஏத்துக்க மறுத்துது: வழக்குல ஃபெடரல் அரசும் ஒரு தரப்பு, அதோட உரிமையை மத்தவங்க சேர்ந்து கையெழுத்துப் போட்டு முடிச்சு வெக்க முடியாது. தண்ணி மாநிலத்தோட விஷயம், அதை வாஷிங்டன் கையில கொடுக்கறதான்னு நீதிபதி கோர்சச் எதிர்த்து எழுதினார்.

மணக்கடவுல ரெண்டு மாநில என்ஜினியரும் நின்னு அளந்து கையெழுத்துப் போடற மாதிரி, அங்க கொலராடோவுல லீ ஃபெரின்னு ஒரு இடம். மேல்பகுதி மாநிலங்கள் அந்த இடத்துல தொடர்ந்து வர்ற எந்தப் பத்து வருஷத்தை எடுத்தாலும் 7.5 கோடி ஏக்கர் அடிக்குக் குறையாம விட்டிருக்கணும். ஒரு வருஷம் குறைஞ்சா அடுத்த வருஷத்துல சரிக்கட்டலாம். வகுப்புல இந்தப் பத்து வருஷக் கணக்கை நம்ம ஒத்த வருஷக் கணக்கோட பக்கத்துல எழுதிப் போடுங்க, பசங்களே மிச்சத்தைக் கேப்பாங்க.